மூடின மில்லும் மூடாத வாயும்

ஒரு காட்டில், ஆற்றங்கரை ஓரமாக, ஓர் ஊர் இருந்தது. காட்டுக்குள் ஊர் எப்படி வந்தது என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். இன்னும் சற்று நேரத்தில் நரி வாயைத் திறந்து பேசப்போகிறது. அதை ஒத்துக்கொள்ளப்போகிறவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?

ஊருக்குப் பெயர் நுரையாறு. முன்னொரு காலத்தில் அங்கே மூங்கிலை அரைத்துக் காகிதம் செய்கிற மில் ஒன்று ஓடியது. மில் கழுவி ஊற்றிய தண்ணீரில் ஆறு முழுக்க நுரை மிதக்கும். ஆற்றுக்கும் அதே பெயர், ஊருக்கும் அதே பெயர். மில்லைக் கட்டியவர்கள் வெளியூர்க் கரடிகள். நன்றாகத்தான் நடத்தினார்கள். ஆனால் மூங்கில் சுமக்கிற வேலையைப் போயும் போயும் தளவாய் என்ற யானையிடம் கொடுத்தார்கள். காட்டில் முதுகு நிறைய ஏற்றிய மூங்கில் மில் வாசலில் ஒரு கைப்பிடியாக இறங்கியது. "மிச்சம் எங்கே?" என்று கரடிகள் கேட்டபோது தளவாய் ஏப்பம் விட்டார். மில் மூடப்பட்டது.

ஊருக்கு அதில் பெரிய நஷ்டம் காகிதம் இல்லை, சங்கு. புகைபோக்கியின் உச்சியில் ஒரு குழாய் இருந்தது. அதில் நீராவி சீறும்போது 'பூ...ம்' என்று ஊர் அதிரும். நீளமாக ஒரு தடவை ஊதினால் சாப்பாட்டு நேரம். குட்டையாக இரண்டு தடவை ஊதினால் எழுந்து வேலைக்குப் போகிற நேரம். மில்லில் வேலை பார்க்காதவர்களும் அந்தச் சங்குக்குத்தான் சாப்பிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும்போது சங்கு ஊதிவிட்டது. மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்ட கையோடு பந்திக்கு ஓடினார், பெண் அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

மில் மூடிய பிறகு அந்த ஊரில் யாருக்கும் நேரத்துக்குப் பசிப்பதில்லை.

புகைபோக்கியின் உச்சியில், சங்குக் குழாய்க்கு ஒட்டினாற்போல, மாசானம் என்ற துடுப்புவால் கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தான். அவன் அப்பாவும் அங்கேதான் இருந்தார். மாசானம் முட்டையை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு வராத குரலே கிடையாது. ரேஷன் கடையில் வரிசை நீளமாக நின்றால், ஊர்த் தலைவர் பலவேசத்தின் குரலில் "நாளைக்கு வாங்க" என்பான். வரிசை மொத்தமும் முணுமுணுத்துக்கொண்டே கலைந்துவிடும். யாரும் சந்தேகப்பட்டதில்லை. தலைவர் வேறு எதுவும் சொல்லி யாரும் கேட்டதில்லை.

பலவேசம் ஒரு காட்டுப்பன்றி. அவருக்குத் திடீரென்று சுற்றுலா மேல் ஆசை வந்தது. பக்கத்து ஊரில் ஒரு பழைய செங்கல் சூளையைக் கயிறு கட்டிக் காட்டுகிறார்களாம், கூட்டம் அலைமோதுகிறதாம். "நம்மகிட்ட முழு மில்லே சும்மா கிடக்கு" என்றார். உடனே கொம்பையா என்ற நரி கழுத்தில் ஒரு விசிலைக் கட்டிக்கொண்டு கைடு ஆகிவிட்டான்.

பனிமலை தாண்டி வரித்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. எல்லார் கழுத்திலும் கேமரா. கொம்பையா ஒரு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

"இதுதான் வரலாற்றுச் சிறப்புமிக்க கொதிகலன். தொட வேண்டாம். நமக்கு ஒண்ணும் ஆகாது, துருதான் உதிர்ந்திரும். இங்கதான் மூங்கில் இறங்கிச்சு. உலகச் சந்தை நிலவரம் சரியில்லாததால மில்லை மூடிட்டாங்க."

பக்கத்தில் நின்ற தளவாய் வானத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஆற்றில் நுரை இருக்கும் என்று எழுதியிருந்ததே?" என்று வாத்துகளின் தலைவி கேட்டாள். மரியாதையான வாத்தம்மா. எதைக் கேட்டாலும் கழுத்தை வளைத்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கேட்பாள்.

கொம்பையா விசில் அடித்தான். ஆற்றின் மேற்குப் பக்க வளைவில் ஒளிந்திருந்த இரண்டு நீர்நாய்கள் பூந்திக்கொட்டையை வைத்து அவசர அவசரமாகத் துவைக்க ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் ஆறு நுரைத்துக்கொண்டு வந்தது. வாத்துகள் படம் எடுத்தன.

இதையெல்லாம் உச்சியிலிருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த மாசானத்தின் சிரிப்பு, ஊர்க்கூட்டம் போட்ட அன்றைக்கு நின்றுபோனது.

"மக்களே, சுற்றுலா வளரணும்னா முதல்ல வண்டி நிறுத்த இடம் வேணும்" என்றார் பலவேசம். "ஊர்ல சமமான இடம் ஒண்ணே ஒண்ணுதான். மில் நிக்குற இடம். மில்லை இடிச்சிருவோம்."

மாசானம் பறந்து வந்து மேசை மேல் உட்கார்ந்தான். "தலைவரே, வாறவங்க எல்லாரும் பறந்துல்லா வாறாங்க. வண்டி எங்க இருக்கு?"

"நிறுத்த இடம் இல்லாமத்தானே வண்டி வரல."

"சரி, அவங்க பாக்க வாறதே மில்லைத்தானே. அதை இடிச்சிட்டா எதைக் காட்டுவீரு?"

"இடிச்ச இடத்துல மில் படம் போட்டு ஒரு போர்டு வைப்போம். படம்னா துருப்பிடிக்காது."

கூட்டம் கைதட்டியது. இடிக்கிற வேலை தளவாய்க்குப் போனது. ஒரு தடவை மில்லை மூடிய அனுபவம் அவருக்குத்தான் இருக்கிறது என்று தலைவர் காரணம் சொன்னார்.

"புகைபோக்கி மேல என் கூடு இருக்கு தலைவரே. என் வீட்டுக்காரி பேச்சி மூணு முட்டையோட அடையில உக்காந்திருக்கா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தா குஞ்சு பொரிச்சிரும்."

"அது ஆக்கிரமிப்புவே. முட்டையை எடுத்துட்டு வேற மரத்துக்குப் போவும்."

மாசானம் கூட்டுக்குத் திரும்பி இதைத் தலைவர் குரலிலேயே சொல்லிக்காட்டினான். பேச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. "முட்டை என்ன தூக்குச்சட்டியா, கையில எடுத்துட்டுப் போக? ஊர்ல உள்ள குரல் எல்லாம் உங்க வாயில இருக்கு. பிள்ளையைக் காப்பாத்த ஒரு குரல் இல்லையா?"

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் தளவாய் வந்துவிட்டார். இடிப்பதையும் சுற்றுலாவில் சேர்த்துவிட்டான் கொம்பையா. வாத்துகள் நிழலில் வரிசையாக நின்றன. தளவாய் நெற்றியைப் புகைபோக்கியில் வைத்து ஒரு முட்டு முட்டினார். உச்சியில் கூடு ஆடியது.

மாசானம் தலைவர் குரலை எடுத்தான். "தளவாய், நிறுத்தும். நாளைக்கு வாங்க."

தளவாய் திரும்பிப் பார்த்தார். தலைவர் எதிரில் நின்று வடை தின்றுகொண்டிருந்தார். "வாய் நிறைய வடையை வச்சுகிட்டு இவ்வளவு தெளிவா பேசுதாரே" என்று ஆச்சரியப்பட்டுவிட்டு மறுபடி முட்டினார்.

மாசானம் புலி மாதிரி உறுமினான்.

"புலி வெளியூர் போயிருக்குய்யா. நேத்துதான் வழியனுப்பி வச்சேன்" என்றார் தளவாய், நெற்றியை எடுக்காமலே.

மூன்றாவது முட்டில் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. பேச்சி முட்டைகள் மேல் சிறகை விரித்துக் கவிந்து படுத்தாள். மாசானத்துக்குத் தெரிந்த குரல்கள் எல்லாம் தொண்டையில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தத்தை வெளியே விட்டான். அது அவன் முட்டைக்குள் இருந்தபோதே கேட்ட சத்தம்.

"பூ...ம்."

தளவாய் அப்படியே நின்றார். நெற்றியிலிருந்த செங்கல் பொடியைத் தும்பிக்கையால் துடைத்துக்கொண்டார். மரத்தடிக்குப் போய், மூங்கில் குருத்துக் கட்டைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்.

தளவாய் மட்டுமா? சலூன் கடைக் குரங்கு கத்திரியைக் கீழே வைத்தது. முடிவெட்ட வந்த முள்ளம்பன்றி பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்கு ஓடியது. நீர்நாய்கள் துவைப்பதை விட்டன, ஆறு பழையபடி தெளிந்துவிட்டது. வாத்தம்மாவுக்குக் கொதிகலனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த கொம்பையா, சொல்லின் நடுவிலேயே பொட்டலத்தைப் பிரித்தான். பலவேசம் தலைவர் ஏற்கெனவே வடை தின்றுகொண்டிருந்தார். அதை வைத்துவிட்டு முறைப்படி கை கழுவி மறுபடி தின்ன ஆரம்பித்தார். காலைப் பலகாரம் வயிற்றில் இறங்கிக்கூட இருக்காது. ஒருவரும் கேட்கவில்லை.

வாத்தம்மா மட்டும் கழுத்தை வளைத்து வணங்கிக் கேட்டாள். "மில் மூடிவிட்டது என்றீர்களே?"

"மூடிட்டுது" என்றான் கொம்பையா, மென்றுகொண்டே.

"பிறகு எதற்காக எல்லாரும் சாப்பிடுகிறீர்கள்?"

"சங்கு ஊதிட்டுல்லா."

வாத்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு வெறிபிடித்தாற்போலப் படம் எடுத்தன. துருப்பிடித்த கொதிகலனை அவை எத்தனையோ ஊரில் பார்த்திருக்கின்றன. இல்லாத மில்லுக்குக் கீழ்ப்படிகிற ஊரை எங்கேயும் பார்த்ததில்லை.

எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் முதலில் சுதாரித்துக்கொண்டார். "தளவாய், எழும்பும்."

"ரெண்டு சங்கு ஊதலையே தலைவரே. ஊதாம எப்படி வேலைக்குப் போக? சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா."

மாசானம் அந்த இரண்டு சங்கை ஊதவில்லை. சாயங்காலம் வரை ஊதவில்லை. தளவாய் சாய்ந்து படுத்துக் குறட்டை விட்டார். அன்றைக்கு நுரையாற்றில் ஓர் இலைகூட நகரவில்லை.

பொழுது சாயும்போது தலைவர் ஊரைக் கூட்டினார். மாசானத்தைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமை அவர் முகத்தில். "ஊதினது மில் இல்ல மக்களே. இந்தக் குருவி. பொய்ச் சங்கு. இதைக் கேட்டு ஏமாந்துபோயிட்டீங்க."

இந்த இடத்தில் நல்ல கதைகளில் எல்லாரும் கோபப்படுவார்கள், பொய் சொன்னவன் தலையைத் தொங்கப்போடுவான். மாசானமும் தொங்கப்போடத் தயாராகத்தான் இருந்தான்.

தளவாய் மெதுவாக எழுந்தார். "பொய்ச் சங்குன்னே இருக்கட்டும் தலைவரே. பசிச்சது நிசந்தானே? மில் மூடின நாள்லேர்ந்து எனக்கு இப்படி நேரத்துக்குப் பசிச்சதே இல்ல."

"எனக்கும்" என்றது பாதித் தலை முள்ளம்பன்றி.

கொம்பையா ஓடிவந்து தலைவர் காதில் கிசுகிசுத்தான். வாத்துகள் போனில் ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கின்றன. கீழே 'சங்கு அருமை' என்று எழுதியிருக்கின்றன. ஊருக்குப் போகிற வரை தினமும் கேட்க வேண்டுமாம்.

தலைவர் ஒரு நிமிடம் பன்றியாக யோசித்தார். மறுநிமிடம் தலைவராக யோசித்தார். "மாசானம், இனிமே நீருதான் சங்கு அலுவலர். இந்தக் கூட்டம் ஊரைவிட்டுக் கிளம்புற வரைக்கும் நேரம் தவறாம ஊதணும்."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு பாப்போம்."

பாப்போம் என்றால் இடிப்போம் என்று மாசானத்துக்குத் தெரியும். இருந்தாலும் அலுவலர் என்ற சொல் அவன் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வேறு குரல் எதையும் எடுப்பதை விட்டான். ரேஷன் வரிசை கலைவதில்லை. கூட்டின் விளிம்பில் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, முட்டைகளுக்கு நேர் மேலே ஊதினான். ஒவ்வொரு தடவையும் மூன்று முட்டைகளும் லேசாக நடுங்கின.

கொஞ்சம் பிந்திவிட்டால் கீழேயிருந்து சத்தம் வரும். "வே மாசானம், என்ன தூக்கமா? இலை போட்டாச்சு. இன்னும் சங்கைக் காணோம்."

"வீட்டுல ஒரு புழுவுக்கு வழி இல்ல" என்பாள் பேச்சி. "இவரு ஊருக்கெல்லாம் சோறு போடுதாரு."

"கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தாம்ளா இருக்கும்."

வாத்துகள் கிளம்பிப் போன அன்று காலை கொம்பையா புகைபோக்கியின் அடியில் வந்து நின்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. "சங்கு அலுவலரே, கீழ வாரும். உமக்கு அடையாள அட்டை போடணுமாம். போட்டோ பிடிக்கச் சொல்லி தலைவர் அனுப்பினாரு."

மாசானம் வாலைக் கோதிக்கொண்டு இறங்கினான்.

"நேரா பாரும். இறக்கையை ஒதுக்கும். ஆ, அப்படித்தான். இப்ப வாயை மூடும். அட்டைக்கான போட்டோ, பல்லு தெரியக் கூடாது."

"எனக்குப் பல்லே கிடையாதேவே."

"அலகு தெரியக் கூடாது. மூடும்."

பிறந்த நாளிலிருந்து ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல மூடாத வாயை மாசானம் ஓர் அட்டைக்காக மூடினான். கொம்பையா பின்னாலிருந்து கற்றாழை நாரை எடுத்து அலகைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுத்து முடிச்சுப்போட்டான். "தப்பா நெனைக்காதேயும். எனக்கும் தலைவர் சொன்னாத்தான் சோறு."

தளவாய் வந்துகொண்டிருந்தார்.

மாசானம் உச்சிக்குப் பறந்தான். அவனுக்குள் சங்கு முட்டியது, வெளியே வந்தது ஒரு மூச்சுக் காற்று மட்டும். பேச்சி நாரைக் கொத்தினாள். ஈர நார், அறவில்லை. கீழே தளவாய் நெற்றியை வைத்தார்.

பேச்சி தன் குரலிலேயே கத்தினாள். "அண்ணாச்சி, நிறுத்துங்க. முட்டை இருக்கு அண்ணாச்சி."

தளவாய்க்கும் வருத்தம்தான். "என் கையில என்னம்மா இருக்கு? சங்கு ஊதினா நிறுத்தப்போறேன். ஊதச் சொல்லும்மா."

"நீங்க ஒரு யானை. உங்களுக்கா மனசு வந்தாப் போதாதா?"

"மனசு வந்தாச்சும்மா. சங்குதான் வரல."

முட்டினார். புகைபோக்கியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. செங்கற்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. கூடு ஒரு பக்கமாகச் சரிந்தது. மாசானமும் பேச்சியும் ஆளுக்கொரு பக்கம் நின்று அதைத் தாங்கிக்கொண்டார்கள். மூன்று முட்டைகளும் உருண்டு வந்து ஒன்றோடொன்று மோதின. ஒன்றில் ஒரு கீறல். கீறல் அகன்றது. ஈரமான ஒரு குட்டித் தலை வெளியே வந்தது. கண் திறக்கவில்லை. வாய் திறந்தது, உடம்பைவிடப் பெரிதாக.

பேச்சி 'கீச்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"பூ...ம்."

தளவாய் நெற்றியை எடுத்தார். பொடியைத் துடைத்தார். மரத்தடிக்குப் போய்க் கட்டைப் பிரித்தார். சலூனில் கத்திரி கீழே இறங்கியது. முள்ளம்பன்றி மறுபடியும் பாதியில் எழுந்தது. அதற்கு இந்த ஜென்மத்தில் முழுத்தலைக்கும் முடிவெட்டு நடக்கப்போவதில்லை. தலைவர், "வாயைக் கட்டியாச்சே, ஊதினது யாரு, எழும்புங்கவே" என்று ஊரெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார், கையில் இலையோடு.

சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் இரண்டாவது முட்டை உடைந்தது. "பூ...ம்." கை கழுவப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பிறகு மூன்றாவது. பிறகு முதல் குஞ்சுக்கு மறுபடி பசித்தது. இரண்டு குட்டைச் சங்கையும் அவை முட்டைக்குள் கேட்டவைதான். ஆனால் யாரையும் வேலைக்குப் போகச் சொல்ல அந்தக் குஞ்சுகளுக்கு ஓர் அவசரமும் இல்லை.

பேச்சி ஒருவழியாக நாரை அறுத்துவிட்டாள். மாசானம் வாயைத் திறந்து தலைவருக்கு நல்ல பதிலாக ஒன்று சொல்ல நினைத்தான். தலைவர் குரலிலா, நரியின் குரலிலா, சொந்தக் குரலிலா என்று யோசிப்பதற்குள் பேச்சி முதுகில் ஒரு கொத்துக் கொத்தினாள். "நின்னுகிட்டு என்ன பாக்கீங்க? பிள்ளைங்க பசியில ஊதுது. போய் இரை கொண்டாங்க."

மாசானம் பறந்தான். ஒரு தும்பியோடு வந்தான். திரும்பவும் பறந்தான்.

அடுத்த வாரம் புதிய வாத்துக் கூட்டம் வந்து இறங்கியது. ஊர் முழுக்க இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. புகைபோக்கி விரிசலோடு, கொஞ்சம் சாய்ந்தாற்போல, நின்றுகொண்டிருந்தது. கொம்பையா ஒரு கையில் குடையும் மறு கையில் சோற்றுருண்டையுமாக முன்னால் நடந்தான்.

"தொழில் நகரம் என்றார்களே" என்று ஒரு வாத்து கேட்டது. "வேலை பார்க்கிற ஒருவரையாவது காட்ட முடியுமா?"

கொம்பையா யோசித்தான். பிறகு குடையை உயர்த்தி வானத்தைக் காட்டினான். அங்கே ஒரு கரிச்சான் வாயில் புழுவோடு மூச்சிரைக்கப் பறந்துகொண்டிருந்தது.

"அதோ பாருங்க. நுரையாத்தோட கடைசித் தொழிலாளி. சீக்கிரம் படம் எடுத்துக்கோங்க, நிக்க நேரம் இருக்காது அவருக்கு."

நீதி: பசிக்கிறது என்று அழுதால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சங்கு மாதிரி அழுங்கள். ஊரே உட்கார்ந்து சாப்பிடும், வேலைக்கு உங்கள் அப்பா மட்டும் போவார்.